சீசாவில் எடுத்துப் போன தண்ணீர்

(தர்மபுரியில் பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது ஆண்டுகளுக்கு முன்னால், ஆராய்ச்சி மாணவியாகப் பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஊருக்குப் போனேன். தோளில் ஒரு பை. பைக்குள் இருபது பிளாஸ்டிக் பாட்டில்கள். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் பிளாஸ்டிக்கில்தான் பிடிக்க வேண்டும். அடிபம்பில் ஐந்து நிமிடம் தண்ணீரை அடித்து வெளியே விட்டு, பிறகு பாட்டிலைக் கழுவிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இடுப்பு வளைந்து, தடியூன்றி வந்த ஒரு பாட்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிப் பாட்டிலை மூடும்போது கேட்டார்: “ஏன் கண்ணு, போன வருசம் வந்தவங்களும் இப்பிடித்தான் சீசாவுல புடிச்சிக்கினு போனாங்க. தண்ணி நல்லதா கெட்டதான்னு ஒருத்தரும் வந்து சொல்லலியே. நீயாச்சும் சொல்லுவியா?”

“முடிவு வந்ததும் வந்து சொல்றேன் பாட்டி” என்றேன்.

முடிவு வந்தது. அந்தப் பம்புத் தண்ணீரில் ஃபுளோரைடு வரம்பைப் போல இரண்டு மடங்கு இருந்தது. அந்த எண்ணை ஓர் அட்டவணையில் எழுதினேன். அட்டவணை ஆய்வேட்டில் போனது. ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தது. எனக்குப் பட்டம் கிடைத்தது. அந்த ஊருக்கு நான் திரும்பிப் போனது ஒன்பது ஆண்டுகள் கழித்து. பாட்டி இல்லை. அவருடைய பேத்தி இருந்தாள். பல்லெல்லாம் பழுப்புக் கோடு. அந்தக் கறையைப் போக்க அவள் செங்கல்லைத் தூளாக்கித் தேய்த்திருக்கிறாள், ஈறு கிழிந்து ரத்தம் வரும்வரை. பெண் பார்க்க வந்தவர்கள் வாயைத் திறந்து காட்டச் சொன்னார்களாம்.

தேய்த்தால் போகிற அழுக்கு அல்ல அது. பல் முளைக்கும் முன்பே, தாடை எலும்புக்குள் உருவாகும்போதே அதன் எனாமலில் படிந்த குறை. அந்த ஒரு வாக்கியத்தை யாராவது அந்த வீட்டில் சொல்லியிருந்தால் அந்தப் பெண் செங்கல்லைத் தொட்டிருக்க மாட்டாள். எனக்கு அது தெரிந்திருந்தது. ஒன்பது ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. இன்று நான் இந்த மேடையில் நிற்பதற்கு அந்தக் கடன்தான் காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன்.

நம் காலுக்கு அடியில் கிடப்பது மிகப் பழைய பாறை. சார்னோகைட், நைஸ் என்று நிலவியலார் சொல்லும் கடும்பாறைகள். அந்தப் பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. மழைநீர் இறங்கி, பாறை வெடிப்புகளில் தேங்கி, ஆண்டுக்கணக்கில் அந்தக் கனிமங்களை நனைத்துக்கொண்டே கிடந்தால், ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். தண்ணீரில் சோடியமும் பைகார்பனேட்டும் கூடி, சுண்ணாம்புச் சத்து குறைந்தால் இன்னும் வேகமாக இறங்கும். நம் தாத்தாக்கள் குடித்தது கிணற்றின் மேல்நீர். மழை பெய்தால் மாறிக்கொண்டே இருந்த தண்ணீர். நாம் கிணறு வற்றியதும் போர் போட்டோம். ஆயிரம் அடிக்கும் கீழே போனோம். எத்தனையோ காலம் பாறையோடு ஊறிக் கிடந்த நீரை மேலே கொண்டுவந்து குழந்தைக்குக் கொடுத்தோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தாகம் செய்ய வைத்தது.

ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. உப்புக் கரிக்கும் தண்ணீரில் அது குறைவாகவும் இருக்கலாம். தேன்போல இனிக்கும் தண்ணீரில் கூடுதலாகவும் இருக்கலாம். நாக்கை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைய, மிச்சத்தில் ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். இதை வீட்டில் உள்ள பெண்கள் மறக்காமல் நினைவில் வையுங்கள். காய்ச்சுவது கிருமிக்கு மருந்து, இதற்கு அல்ல.

உடம்பில் அது என்ன செய்கிறது? எலும்பும் பல்லும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு படிகத்தால் ஆனவை. அந்தப் படிகத்தில் ஹைட்ராக்சில் என்ற ஒரு துணுக்கு உட்காரும் இடத்தில் ஃபுளோரைடு போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சமாக உட்கார்ந்தால் பல் சொத்தைக்கு எதிராக நிற்கும். பற்பசையில் அதைச் சேர்ப்பது இதற்காகத்தான். அளவு மீறினால், வளரும் பல்லில் எனாமல் வெள்ளைத் திட்டாகி, பழுப்பாகி, குழி விழும். நிலைத்த பற்களின் எனாமல் பிறப்பிலிருந்து ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிகிறது. ஆகவே பல்லைப் பொறுத்தவரை ஆபத்துக் காலம் அந்த எட்டு ஆண்டுகள். எலும்புக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. பத்து, இருபது ஆண்டுகள் குடிக்கக் குடிக்க எலும்பு தடித்து, மூட்டை இணைக்கும் தசைநார்கள்கூடச் சுண்ணாம்பு ஏறி இறுகிவிடும். முதலில் வெறும் மூட்டுவலி. அதனால்தான் ‘வயசானா வர்றதுதானே’ என்று விட்டுவிடுகிறோம்.

மருத்துவர்கள் கிராம முகாம்களில் செய்து பார்க்கும் மூன்று எளிய அசைவுகள் உண்டு. இப்போதே செய்து பார்ப்போம். நின்றுகொண்டு, முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுங்கள். சரி. இப்போது முகவாயை நெஞ்சில் படும்படித் தாழ்த்துங்கள். கடைசியாக, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, தலையின் பின்பக்கத்தைத் தொடுங்கள். முடியாதவர்கள் பயப்பட வேண்டாம். வேறு பல காரணங்களாலும் இவை முடியாமல் போகும். ஆனால் இளம் வயதிலேயே மூன்றும் முடியவில்லை, குடிப்பதும் பல காலமாகப் போர்த் தண்ணீர் என்றால், அந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் விடக் கூடாது.

ஃபுளோரோசிஸ் என்ற இந்த நோயை இந்தியாவில் முதலில் பதிவு செய்தது நம் பக்கத்து ஆய்வாளர்கள்தான். 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்த முடக்கம் பரவியிருப்பதை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் ஷார்ட், சி.ஜி. பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் இந்திய மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்தப் பண்டிட்தான் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர். ஆனால் அவர்களுக்கும் முன்னால் அந்த ஊர் உழவர்கள் ஒன்றைக் கவனித்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. வெளியூரிலிருந்து வாங்கிவந்த நல்ல உழவு மாடுகள் சில காலத்தில் கால் தாங்கி, ஏர் இழுக்க முடியாமல் போயின. தண்ணீரில்தான் ஏதோ என்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள். நான் இதை நம்புகிறேன். மாட்டை உழவனைப்போலப் பார்க்கிறவர் வேறு யார்?

அமெரிக்காவிலும் இதே கதை. கொலராடோ மலையடிவார ஊரில் பிள்ளைகளின் பல் பழுப்பாக இருப்பதை 1901 முதல் மெக்கே என்ற பல் மருத்துவர் துருவிக்கொண்டிருந்தார். தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்பது உறுதியாக 1931 ஆயிற்று. முப்பது ஆண்டுகள்! கண்டுபிடிக்க அவ்வளவு காலம் ஆனது. கண்டுபிடித்ததை நம் பென்னாகரத்துப் பாட்டியிடம் சொல்ல மட்டும் இன்னும் காலம் ஆகிக்கொண்டிருக்கிறது.

அளவைப் பற்றிச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். நம் இந்தியத் தர நிர்ணயம் இன்னும் கறாரானது: 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை. இந்த எண்ணை அப்படியே வாங்கி நம் ஊரில் மாட்டிவிட்டால் போதாது. ஒரு மனிதர் நாளைக்கு இரண்டு லிட்டர் குடிப்பார் என்று எடுத்துக்கொண்டு போடுகிற கணக்கு அது. கடும் வெயிலில் மஞ்சள் வெட்டுகிறவரும், செங்கல் சூளையில் நிற்கிறவரும் இரண்டு லிட்டரோடு நிற்பார்களா? நாலு, ஐந்து லிட்டர் போகும். அதோடு ராகிக் களி. களிக்கு ஊற்றும் தண்ணீர் வடிவதே இல்லை, முழுவதும் உருண்டைக்குள் இருக்கிறது. குக்கர் சோறும் அப்படித்தான். ஆகவே லிட்டருக்கு 1.5 என்பது நகரத்து மேசைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு ஓர் அளவு, நம் கூலிக்காரருக்கு அதே தண்ணீர் இரட்டிப்பு அளவு.

இப்போது புதிதாக வந்திருக்கும் ஆய்வு. உங்களில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள், ‘ஃபுளோரைடு பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கிறது, பற்பசையைத் தூக்கி எறியுங்கள்’ என்று. அந்தச் செய்தியில் பாதி உண்மை, பாதி கலப்படம்.

உண்மை என்ன? அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கும் இடங்களில் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருக்கிறது என்பதை ‘மிதமான உறுதியோடு’ சொல்லலாம் என்றது. 2025 தொடக்கத்தில் அதே ஆய்வாளர்கள் 74 ஆய்வுகளைச் சேர்த்து அலசி, அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழந்தை மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்த 74-இல் பெரும்பகுதி சீனாவில் நடந்தவை. 12 இந்தியாவில் நடந்தவை. அதாவது நம்மைப் போன்ற ஊர்களின் பிள்ளைகள், நம்மைப் போன்ற தண்ணீர்.

அவர்களே சொன்ன குறையையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை. 74-இல் 52 ஆய்வுகளின் தரம் குறைவு என்று அவர்களே வகைப்படுத்தினார்கள். ஃபுளோரைடு கூடுதலாக உள்ள ஊரும் குறைவாக உள்ள ஊரும் வேறு பலவற்றிலும் மாறுபடும். ஒன்றில் வறுமை கூட, இன்னொன்றில் பள்ளி அருகே. ரத்தசோகை, அயோடின் குறைவு, இவையும் படிப்பைப் பாதிக்கும். எது எவ்வளவு பாதித்தது என்று பிரித்தெடுப்பது கடினம். ‘தொடர்பு இருக்கிறது’ என்பதும் ‘இதனால்தான் வந்தது’ என்பதும் வேறு வேறு. 1.5-க்குக் கீழே, பற்பசையும் சராசரிக் குடிநீரும் தருகிற அளவில், இப்படி ஒரு பாதிப்பு இருப்பதாக நச்சியல் திட்டத்தின் அறிக்கை முடிவு கட்டவில்லை.

பற்பசையை எறிய வேண்டாம். மூன்று வயதுக்குள் அரிசியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு வைத்து, விழுங்காமல் துப்பக் கற்றுக்கொடுங்கள். பல்லில் ஏற்கனவே கறை இருக்கும் குழந்தைக்கு எந்தப் பசை என்று பல் மருத்துவரைக் கேளுங்கள். உங்கள் கவலையைச் செலவழிக்க வேண்டிய இடம் குடம்.

ஆசிரியர்களிடம் ஒன்று மன்றாடிக் கேட்கிறேன். அந்த ஆய்வு சொல்வது ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சராசரியில் தெரியும் சிறு வேறுபாட்டை. உங்கள் வகுப்பில் பல் பழுத்த ஒரு குழந்தையைப் பார்த்து ‘இது மந்தம், தண்ணி அப்படி’ என்று சொல்ல அந்த ஆய்வில் ஒரு வரிகூட இடம் தரவில்லை. அப்படிச் சொன்னால் தண்ணீர் செய்ததைவிடப் பெரிய கேட்டை நாம் செய்தவர்களாவோம்.

இன்னொரு ஆய்வைச் சொல்ல ஆசை, ஏனென்றால் அது நம் வீட்டுப் புளியைப் பற்றியது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2002-இல் வெளியிட்டது. ஒரு விடுதிப் பள்ளியில் 20 சிறுவர்களைச் சேர்த்து, மதியச் சாப்பாட்டோடு தினம் 10 கிராம் புளி, 18 நாள் கொடுத்தார்கள். 18 பேர் கடைசிவரை இருந்தார்கள். சிறுநீரில் வெளியேறிய ஃபுளோரைடு நாளொன்றுக்கு 3.5 மில்லிகிராமிலிருந்து 4.8 ஆக உயர்ந்தது. புளி கொஞ்சம் கூடுதலாக வெளியேற்ற உதவுகிறது.

இதை எப்படிச் சொல்வது? ‘புளி சாப்பிட்டால் எலும்பு முடக்கம் குணமாகும்’ என்று எழுதினால் நாளிதழ் விற்கும். ஆனால் அது பொய். பதினெட்டுப் பையன்கள், பதினெட்டு நாள். வளைந்த முதுகு நிமிர்ந்ததாக அதில் இல்லை. அதே சமயம், ‘சின்ன ஆய்வு, விடு’ என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. புளி நம் மண்ணில் சாலையோரமெல்லாம் விளைகிறது. ரசத்திலும் குழம்பிலும் ஏற்கனவே இருக்கிறது. அதைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லலாம். அதைவிட உறுதியாகச் சொல்லக்கூடியது கால்சியம். கால்சியம் குறைந்த உடம்பில் ஃபுளோரைடின் கேடு கூடுதலாகத் தெரிகிறது. ராகியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பங்குதான். ஆக, களியை விடாதீர்கள். களிக்கு ஊற்றும் தண்ணீரை மாற்றுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே கொடுங்கள். தாய் குடிப்பது கெட்ட தண்ணீராக இருந்தாலும் தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிக மிகக் குறைவாகவே வருகிறது. அதே தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் முழுவதும் குழந்தைக்குப் போகிறது. இயற்கை அந்தப் பிஞ்சுக்கு ஒரு வேலி போட்டிருக்கிறது. நாமாக அதைப் பிரிக்கக் கூடாது.

ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீர் வந்துவிட்டதே, இன்னும் என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். வந்தது பெரிய காரியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாயில், 2013 மே மாதம் அந்தத் திட்டம் திறக்கப்பட்டது. மூன்று நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்ற சொல் இருந்தது. காவிரியில் ஓடுவது மேல்நீர், பாறையில் ஊறாத நீர். அந்தத் தண்ணீர் மட்டும் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லைப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

ஆனால் குழாயில் காவிரி தினமும் வருகிறதா? வராத நாளில் என்ன குடிக்கிறோம்? பல ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீரோடு உள்ளூர்ப் போர்த் தண்ணீரும் கலந்து விடப்படுகிறது. இரண்டும் ஒரே குழாயில் வருவதால் குடத்தில் நிறைவது எது என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. தொட்டி ஆபரேட்டர் தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் சாலை மறியல், கலந்து விட்டால் அமைதி. அவர் என்ன செய்வார்? இரண்டாம் கட்டத் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது வரும்வரை, எந்தப் போரின் நீர் குடிக்கத் தகும், எது துணி துவைக்க மட்டும் என்ற தகவல் அந்த ஊரில் இருக்க வேண்டும்.

அந்தத் தகவல் இருக்கிறது என்பதுதான் என் ஆற்றாமை. பல்கலைக்கழக ஆய்வேடுகளில், குடிநீர் வடிகால் வாரியத்தின் பதிவேடுகளில், ஆங்கில இதழ்களில் இருக்கிறது. நம் மாவட்டத்து நிலத்தடி நீரைப் பற்றிய கட்டுரைகளில் ஊர்களின் பெயர்கூட இருக்கும், அட்சரேகை, தீர்க்கரேகையோடு. அந்த ஊரில் போய்க் கேளுங்கள், ஒருவருக்கும் தெரியாது.

அதியமான் ஆண்ட தகடூர்தான் இந்தத் தர்மபுரி. ஔவைக்கு அவன் நெல்லிக்கனி கொடுத்த கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். அந்தப் புறநானூற்றுப் பாட்டில் ஔவை குறிப்பாக ஒன்றைப் பாராட்டுகிறார்: அந்தக் கனியின் பயனை அவன் சொல்லாமல் தன் மனத்துக்குள் வைத்துக்கொண்டு கொடுத்துவிட்டான் என்று. தன்னுடையதைக் கொடுப்பவன் சொல்லாமல் கொடுக்கலாம், அது கொடை. ஆய்வாளரிடம் இருக்கும் முடிவு அவருடையது அல்ல. அடிபம்பு ஊருடையது, சிறுநீர் மாதிரி கொடுத்த பிள்ளை ஊருடையது, உதவித்தொகை மக்களின் வரிப்பணம். அங்கே மனத்துக்குள் வைத்துக்கொள்வதற்கு என்ன உரிமை?

ஆகவே இங்கே உட்கார்ந்திருக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சொல்கிறேன். மாதிரி எடுக்கப் போகும் நாளிலேயே திரும்பி வரும் நாளையும் ஊராரிடம் குறித்துக்கொடுங்கள். ஒரே ஒரு தாளில், தமிழில், எந்தப் பம்பு, எந்தத் தேதி, எத்தனை மில்லிகிராம், குடிக்கலாமா கூடாதா, கூடாதென்றால் பக்கத்தில் எங்கே நல்ல தண்ணீர். ஆய்வேட்டின் 200 பக்கத்தைவிட அந்த ஒரு பக்கம் எழுதுவது கஷ்டம். எழுதிப் பார்த்தால் தெரியும். வழிகாட்டும் பேராசிரியர்கள் அந்தத் தாளைப் பார்க்காமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊர்ப் பெண்கள் எங்களுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் ஒவ்வோர் ஊரிலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும், அதற்கான பெட்டியும் தர வேண்டும். சின்னக் குப்பியில் கோடு வரை தண்ணீர், அதில் சில சொட்டு மருந்து. ஃபுளோரைடு இல்லையென்றால் இளஞ்சிவப்பு நிற்கும். கூடக் கூட வெளிறி மஞ்சளாகும். அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அக்கா அந்தக் குப்பியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்து, “இது எங்க சோத்துக்கு ஆவாது” என்று சொன்னதை நான் என் கண்ணால் பார்த்தேன். என் ஆய்வேடு முழுவதும் சொல்ல முயன்று சொல்லாமல் விட்டது அந்த ஒரு வரிதான். பெட்டி சொல்வதில் சந்தேகம் வந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது.

நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலக தண்ணீர் தினம். வருகிற மார்ச் 22 அன்று உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். ஊரில் உள்ள ஒவ்வொரு போரின் ஃபுளோரைடு அளவு என்ன என்று கேளுங்கள். பதிலை மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அதே எண்ணைத் தொட்டியின் மேலும் அடிபம்பின் மேலும், தேதியோடு, பெயிண்டில் பெரிதாக எழுதச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். அந்தக் கூட்டத்தில் எண்ணை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். பஸ் பிடித்து வருகிறேன்.